கல்லெறிஞ்சதுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேன்

தம்பி,

நல்லா இருக்கியா, சாப்பிட்டியான்னு கேட்டு ஆரம்பிக்கிற காயிதம் இல்ல இது. நீ நல்லாத்தான் இருக்க, நல்லாத்தான் சாப்பிடுற, ஷாமினி தெனமும் போன் பண்ணிச் சொல்லிடுறா. நல்ல மருமக. புருசன் பேசாட்டியும் மாமியார்கிட்ட அவ பேசுறா. நேத்து நீ சொல்லி அனுப்புனத தயங்கித் தயங்கிச் சொன்னா. அந்த வெள்ளக்கார அய்யாவும் அம்மாவும் ஞாயித்துக்கிழமை வீடியோ கோலுல வருவாங்களாம். நான் அவங்க மொகத்தப் பாத்து "சாரி" சொல்லணுமாம். சொல்லாட்டி நீ இனிமே இந்த வீட்டு வாசல மிதிக்க மாட்டியாம். அவளுக்கு நான் ஒண்ணும் பதில் சொல்லல, அவ பாவம். உனக்குச் சொல்றேன். கேக்க மாட்டேன். வீடியோவுல இல்ல, அந்த அம்மா நேரா வந்து என் அடுப்படியில உக்காந்தாலும் கேக்க மாட்டேன். போன்ல சொன்னா நீ பாதியில கட் பண்ணிடுவ, வாய்ஸ் போட்டா ஓட்டி ஓட்டிக் கேப்ப. அதான் உக்காந்து எழுதுறேன். பொறுமையாப் படி.

நடந்தத நடந்தபடியே மொதல்ல சொல்லிடுறேன், ஏன்னா நீ கண்டவங்ககிட்ட வேற மாதிரி சொல்லிக்கிட்டுத் திரியிறதாக் கேள்வி. நீ இறம்பொடை ரோட்டுல கெஸ்ட் ஹவுஸ் நடத்துற. அங்க தங்குறவங்கள்ல மீன் பிடிக்க ஆசப்படுறவங்கள வேன்ல ஏத்தி, இங்க டேமுக்குக் கீழ நம்ம ஆத்துக்குக் கொண்டாருவ. ட்ரவுட் மீன் எந்த மடுவுல நிக்குது, எந்தப் பூச்சியத் தூண்டியில கட்டணும், எப்பிடி வீசணும்னு நான் காட்டிக் குடுப்பேன். பிடிச்ச மீனத் திரும்ப ஆத்துலயே விட்டுடுவோம். இப்பிடித்தான் நல்லபடியாப் போயிக்கிட்டு இருந்துச்சு. இந்தச் சித்திரை லீவுல நீ ஒரு புருசன் பொண்டாட்டியக் கூட்டிட்டு வந்த. நான் அவங்கள ஒரு வீச்சுகூட வீச விடல. ஆத்தங்கரையில கெடந்த கல்லப் பொறுக்கி, மீன் நிக்கிற மடுவுக்குள்ள ஒண்ணு மாத்தி ஒண்ணா விட்டெறிஞ்சேன். மீனெல்லாம் கலைஞ்சு போச்சு. அய்யா வாயப் பொளந்துக்கிட்டு நின்னாரு, அந்தம்மா வேன் பக்கம் ஓடுனாங்க, நீ "ஒங்களுக்கென்ன பைத்தியமாம்மா?"ன்னு மல எதிரொலிக்கக் கத்துன. இதுல ஒண்ணையும் நான் இல்லேன்னு சொல்லல. அப்பறம் அவங்க கம்பியூட்டர்ல ஏதோ மோசமா எழுதிட்டாங்களாம், உன் கெஸ்ட் ஹவுஸ் பேரு கெட்டுப்போச்சாம். எழுதியிருப்பாங்க. நானா இருந்தாலும் எழுதியிருப்பேன்.

அண்ணைக்கு நீ கேட்ட ஒரு கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்லல. "வாயால சொல்லியிருக்கலாம்ல? தெர்மோமீட்டரக் காட்டி, தண்ணி சூடா இருக்கு, இண்ணைக்கு வேணாம்னு சொன்னா கேக்குற சனம்தானே அவங்க? எதுக்குக் கல்லெறிஞ்சீங்க?"ன்னு கேட்ட. அதக் கேக்க உனக்கு எவ்வளவு தைரியம்னு அப்பவே நெனச்சேன். அதுக்கும் பதில் வருது. வரிசையா வாரேன்.

நான் ஒண்ணும் தூண்டியோட பொறந்தவ இல்ல. வட்டகொடையில தேயிலைத் தோட்டத்து லயத்துல பொறந்து, கொழுந்தெடுக்கப் போக மாட்டேன்னு அடம்புடிச்சு, கட்டுநாயக்கப் பக்கம் பாக்டரிக்கு ஓடுனவ. மத்தவளுங்க எல்லாம் சட்டை தைக்கிற பாக்டரிக்குப் போனாளுங்க, எனக்குக் கெடச்சது பூச்சி கட்டுற வேல. குட்டிக் கொக்கி ஒண்ண இடுக்கியில மாட்டி, சேவக் கழுத்து எறகு, முயல் மயிரு, பட்டு நூலு எல்லாத்தையும் சுத்திச் சுத்தி ஒரு ஈ மாதிரி ஆக்கணும். எதுக்குன்னு ஒருத்தரும் சொல்லல. வெள்ளக்காரிங்க தொப்பியில குத்துறதுக்குன்னு ஒருத்தி சொன்னா. இன்னொருத்தி காதுல மாட்டிப் பாத்து, கொக்கி ஏறி, ரெத்தம் வந்து, சூப்பர்வைசர்கிட்ட நல்லா ஏச்சு வாங்குனா. அப்பறம் டேமுல கதவு தொறக்குற வேலயில இருந்த உங்கப்பாவக் கட்டிக்கிட்டு இங்க வந்தேன். வந்த புதுசுல ஒருநா துணி தொவைக்க ஆத்துக்குப் போறேன், கொய்யா மரத்துக் கெளையில ஒரு பூச்சி தொங்குது. எவனோ தொரை வீசி, மரத்துல சிக்கி, அறுத்துட்டுப் போனது. கிட்டப் போயிப் பாத்தா, அடி மாதாவே! நாங்க கட்டுன அதே பூச்சி. நான் பாத்துக்கிட்டு நிக்கிறப்பவே மடுவுல ஒரு மீனு மேல வந்து நெசமான ஈ ஒண்ண லபக்குன்னு முழுங்கிட்டுப் போகுது. துணிய அப்பிடியே போட்டுட்டு, கல்லு மேல உக்காந்து தனியாச் சிரிச்சேன். சாயங்காலம் உங்கப்பாகிட்டச் சொன்னதும் அந்த மனுசன் எனக்குத் தூண்டிக் கம்பு செய்ய மூங்கி வெட்டப் போயிட்டாரு.

அதுலருந்து ஆறுதான் எனக்கு எல்லாம். பொம்பள சேலையத் தூக்கிச் சொருவிக்கிட்டு ஆத்துல நிக்கிறான்னு லயம் லயமாப் பேசுனாங்க. கோயில்ல பாதர்கூட ஒருதரம் நாசூக்காக் கேட்டாரு. ஏசுவோட சீடரு, நம்ம இராயப்பரே மீன் புடிச்சவருதானே பாதர்னேன். அவரு சிரிச்சுட்டுப் போயிட்டாரு. உன் அம்மா ஊருக்குப் பயந்தவ இல்லன்னு உனக்குத் தெரியும், இப்ப புதுசாக் கண்டுபுடிச்ச மாதிரி ஷாமினிகிட்டப் பொலம்பாத.

டேம் ஆறு மத்த ஆறு மாதிரி இல்லன்னு உங்கப்பா சொல்லுவாரு. வெயில் மாசத்துல பகல்பூரா கதவ மூடி வச்சிருப்பாங்க, ஆறு கல்லுக்கு நடுவுல சும்மா ஊர்ந்துக்கிட்டுக் கெடக்கும். சாயங்காலம் நாடு முழுக்க லைட்டப் போடுறப்ப கரண்டு எடுக்கக் கதவத் தொறப்பாங்க. அந்தத் தண்ணி டேமுக்கு அடியிலருந்து வாரது, வெயிலே பாக்காத தண்ணி. காலு வெறச்சுப் போகும். ராவெல்லாம் அது ஓடி, சூடு புடிச்ச கல்லெல்லாம் குளுந்துபோயிருக்கும். அதனால கோடையில விடிய வெள்ளனப் போயி, மலையத் தாண்டி வெயில் தண்ணியில விழுறதுக்குள்ள தூண்டிக் கம்பச் சுருட்டிடணும். சூடான தண்ணியில மீனுக்கு மூச்சுக் கம்மி. கொக்கியில மாட்டி, இழுபட்டு, மனுசக் கையில ஏறி எறங்குனா, நீ விட்டதும் அது வால ஆட்டிக்கிட்டுத்தான் போகும். நீயும் புண்ணியம் பண்ணுன மாதிரி வீட்டுக்குப் போயிடுவ. அது எங்கயாவது கல்லுக்கு அடியில போயிச் செத்துக் கெடக்கும்.

இத உனக்கு நான் சொல்லித்தரத் தேவையில்ல. ஏ.எல். பரீட்சை எழுதி முடிச்ச வருசம், பங்குனி வெயில்ல, நான் வேணாம் வேணாம்னு சொல்லச் சொல்ல உச்சி நேரத்துல போயி ஒரு பெரிய மீனப் புடிச்ச. கூட்டாளிகளுக்குக் காட்ட போட்டோ வேணும்னு அதத் தூக்கிப் புடிச்சுக்கிட்டே நின்ன. தண்ணியில விட்டா மல்லாந்து போச்சு. அத நிமித்தி, தலைய ஓட்டத்துக்கு எதிராத் திருப்பிப் புடிச்சுக்கிட்டு இடுப்பளவு தண்ணியில நின்ன பாரு, கூப்பிடக் கூப்பிட நீ வரல. அது பொழைக்கல. நீ அழுத. மீச மொளச்ச ஆம்பள, அழுத. நான் அண்ணைக்கு உன்ன ஒரு வார்த்த ஏசல. அடுத்த மாசமே கண்டிக்குப் போயி தெர்மோமீட்டர் வாங்கிட்டு வந்து, "தண்ணி இருபது டிகிரியத் தாண்டுனா கம்பு வீட்டுலயே இருக்கணும்மா"ன்னு சொன்னது யாரு? நானா? நீதான்டா சொன்ன. உங்கப்பா அதக் கேட்டுட்டு, இவன் இந்த ஆத்துக்குப் புள்ளயாயிட்டான்னு சொன்னாரு. அவரு போயிச் சேந்ததுக்கப்பறமும் அந்தச் சொல்ல நெனச்சு நான் பெருமப்பட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.

இந்த வருசம் தையிலருந்து மழை இல்ல. கொழுந்து கருகி, விடிய பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போனவங்களப் பாதி நாள் வேல இல்லன்னு திருப்பி அனுப்புனாங்க. டேம் வத்தி, தண்ணிக்கு அடியில கெடந்த பழைய தேயிலைத் தூரெல்லாம் வெளிய தெரிஞ்சுச்சு. உங்கப்பாவோட வேலய இப்பப் பாக்குறாரே பண்டார, அவரு ரோட்டுல என்னக் கண்டு சைக்கிள நிப்பாட்டி, "அக்கே, வத்துர ரஸ்னெய்"ன்னாரு. தண்ணி சுடுதாம். சுடாம என்ன செய்யும்? டேம் நெறஞ்சிருந்தாத்தானே அடித்தண்ணி தனியாக் குளுந்து கெடக்கும்? வத்திப்போனா மேலென்ன, அடியென்ன, எல்லாம் வெயில் பட்ட தண்ணிதான். அண்ணைக்கே உனக்குப் போன் பண்ணி, ஒருத்தரையும் கூட்டிட்டு வராதன்னு சொன்னேன். நீ என்ன சொன்ன? "வெள்ளனவே வந்துடுறோம்மா, ராத்திரி கதவு தொறந்த தண்ணி ஓடியிருக்கும், ஒங்க கணக்குத்தானே"ன்ன. என் கணக்குத்தான், இல்லேங்கல. டேமுல தண்ணி இருக்குற வருசத்துக்கு அந்தக் கணக்கு. இல்லாத வருசத்துக்கு ஒரே கணக்குத்தான், வீட்டுல கெடக்குறது.

நீ கேக்கல. விடியக் காலையில வந்து கதவத் தட்டுன. நான் இடுப்புல படங்குச் சாக்கச் சுத்திக்கிட்டு, பூட்ஸ மாட்டிக்கிட்டு, உங்க பின்னாலயே எறங்கி வந்தேன். அவங்க ரெண்டு பேரும் நல்ல சனம்தான், குத்தம் சொல்ல மாட்டேன். அந்தம்மா என் கையப் புடிச்சுக்கிட்டு மேட்டுல எறங்குனாங்க. நான் மணிக்கட்டத் தண்ணியில வச்சேன், ஆறிப்போன பிளேன்டித் தேத்தண்ணி மாதிரி இருந்துச்சு, வெயில் இன்னும் விழல. மீனெல்லாம் எங்க நின்னுச்சுன்னு பாத்தியா? காட்டுப் பக்கத்துலருந்து அந்தச் சின்ன ஊத்து வந்து மடுவுல விழுற எடத்துல, ஒண்ணு மேல ஒண்ணா ஒட்டிக்கிட்டு. அங்க மட்டுந்தான் கொஞ்சம் குளிர். ஆளக் கண்டும் ஓடல. ஓட வேற எடம் இருந்தாத்தானே? அய்யா அதப் பாத்து, இவ்வளவு மீனான்னு கையத் தட்டி, பூச்சியக் கட்ட ஆரம்பிச்சாரு. நான் உன்ன ஓரமா இழுத்து, தம்பி வேணாம்டான்னேன். "ஒரே ஒரு மீனும்மா, ஒரு போட்டோ, நாளைக்கு ஊருக்குப் போறாங்க"ன்ன. அந்தம்மா உன்கிட்ட இங்கிலீசுல என்னமோ கேட்டாங்க, நீயும் என்னமோ சொன்ன. அப்பறந்தான் நான் கல்ல எடுத்தேன்.

அதுக்கப்பறம் ஒரு வாரத்துல நீ ஒரு வாய்ஸ் அனுப்புன. அத நான் எத்தனையோ தரம் கேட்டுட்டேன். பண்டார சொன்னாராம், மடுவுல மீன் செத்து மெதக்குதாம். "பாத்தீங்களா, எல்லாம் எப்பிடியும் செத்துத்தானே போச்சு? என் பேரக் கெடுத்து எதம்மா காப்பாத்துனீங்க?"ன்னு கேட்ட. ஆமா, செத்துச்சு. வயித்தக் காட்டிக்கிட்டு மெதந்தத நான்தான் கூடையில அள்ளிப் பொதச்சேன், நாறுற வரைக்கும் விட முடியுமா? அழுதுக்கிட்டேதான் அள்ளுனேன், அதுவும் உனக்குத் தெரியட்டும். ஆனா நீ கேக்குற கேள்வி தப்பு. சாகப்போறதுதானேன்னு சாகக் கெடக்குற மனுசன் பாக்கெட்டுல கை விடுவியா? வெயில் கொன்னா அது வெயிலோட பாவம். ஒளிய எடமில்லாம வந்து ஒண்டிக்கிட்டு நிக்கிறத, கைக்கு வாட்டமா நிக்குதேன்னு புடிச்சா அது நம்ம பாவம். எல்லாம் செத்துடலயே. ஊத்து வாயில கொஞ்சம் தப்பிச்சு நின்னுச்சு. கொக்கி பட்டிருந்தா அதுல எது மிஞ்சியிருக்கும், எது மிஞ்சியிருக்காதுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கணும்னு அவசியமும் இல்ல.

இப்ப மழை கொட்டுது. டேம் பாதிக்கு மேல நெறஞ்சிருச்சு, ஆத்துல தண்ணி கலங்கி ஓடுது, கொய்யா மரத்து வேரு வரைக்கும் ஏறிடுச்சு. இன்னும் கொஞ்ச நாள்ல தெளிஞ்சிடும். தெளிஞ்சா ஆளுங்களக் கூட்டிட்டு வா, நான் முன்னால நின்னு காட்டித்தாரேன், பூச்சியும் கட்டி வச்சிருக்கேன். எனக்கு உன் தொழில் மேலயும் கோவம் இல்ல, வெள்ளக்காரங்க மேலயும் கோவம் இல்ல. ஆனா இனிமே வார கோடையிலயும் டேம் வத்தும், தண்ணி சுடும். அப்பவும் நீ கூட்டிட்டு வந்தா, அப்பவும் நான் இதத்தான் செய்வேன். என்ன நிப்பாட்டிட்டு வேற ஆள வச்சுக்கப் போறதாவும் ஷாமினி சொன்னா. தாராளமா வச்சுக்க. அந்த ஆளு வாரப்பவும் நான் ஆத்துலதான் நிப்பேன், ஆறு என் வீட்டு வாசல்ல ஓடுது. எனக்கு முட்டி வலிக்குது, கண்ணு மங்குது, நூலக் கோக்க நேரமாகுது. ஆனா கையி இன்னும் நல்லா வீசும், கம்பையும் வீசும், கல்லையும் வீசும்.

இப்ப அந்தக் கேள்விக்கு வாரேன். இத ஷாமினிகிட்டகூட நான் சொல்லல, நீயும் படிச்சுட்டு அடுப்புல போட்டுடு. அண்ணைக்கு விடிய நீ கதவத் தட்டுறப்ப உன் கால்சட்ட முட்டி வரைக்கும் நனைஞ்சிருந்துச்சு. மாசக்கணக்கா மழை இல்ல, புல்லுல பனிகூட இல்ல. எனக்கு முன்னாடியே நீ ஆத்துல எறங்கி, தண்ணிய அளந்து பாத்துட்டுத்தான் என்கிட்ட வந்திருக்க. அந்தம்மா இங்கிலீசுல கேட்டது எனக்குப் புரியாதுன்னு நெனச்சியா? பாக்டரியில இங்கிலீசுலயே ஏச்சு வாங்குனவ நான். இந்தத் தண்ணி மீனுக்கு ஒத்துக்குமான்னு கேட்டாங்க, மீன் மேல அவ்வளவு அக்கற அந்த மனுசிக்கு. நீ சொன்ன, காலையிலயே அளந்துட்டேன், நல்லாக் குளிரா இருக்கு, அம்மாவுக்கு வயசாயிடுச்சு, சும்மா பயப்படுறாங்கன்னு. அவங்க நம்பிட்டாங்க. நம்பிச் சிரிச்சுக்கிட்டே, எங்க, தெர்மோமீட்டரக் குடுங்க, நானும் பாக்குறேனேன்னு கைய நீட்டுனாங்க. உன் கையி பாக்கெட்டுக்குள்ளயே இருந்துச்சு, வெளிய வரல. உன் மொகம் செத்துப்போச்சு. அப்பத்தான் நான் குனிஞ்சேன்.

தெர்மோமீட்டரக் காட்டுன்னு நானும் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தா அவங்களே கம்பச் சுருட்டிக்கிட்டு, எனக்கு நன்றியும் சொல்லிட்டுப் போயிருப்பாங்க. நீ மட்டும் அவங்க முன்னாடி பொய்யனா நின்னிருப்ப. மீனக் கலைக்க ஒரு கல்லு போதும்டா. மத்த கல்லெல்லாம் உனக்காக எறிஞ்சேன், அவங்க உன்னப் பாக்குறத விட்டுட்டு என்னப் பாக்கணும்னு. பாத்தாங்க. ஊருக்குப் போயி, இலங்கையில ஒரு பைத்தியக்காரக் கெழவி எங்களக் கல்லெடுத்து வெரட்டுனான்னு பேரப்பிள்ளைங்களுக்கும் சொல்லுவாங்க. சொல்லட்டும். அவ மகன் பொய் சொன்னான்னு சொல்ல மாட்டாங்க.

அதுக்கு நான் மன்னிப்புக் கேக்கணுமா? நீ சொல்லு, ஞாயித்துக்கிழமை வீடியோவுல எதுக்குன்னு சொல்லிக் கேக்குறது?

உன்னப் பெத்தவ,
அந்தப் பைத்தியக்காரக் கெழவி.